வெற்றிலை வாய்

பணியில் இருந்த காலம் முழுவதும் செவிலியர் மாணவிகளுக்கு நான் கற்றுக்கொடுத்த பாடங்களில் ஒன்று, நினைவிழந்தவரின் வாயைச் சுத்தம் செய்வது. வீட்டில் மட்டும் அந்தப் பாடம் எடுபடவில்லை. என் கணவர் மார்க்கையன்கோட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். நல்ல வெற்றிலையைச் சந்தைக்கு அனுப்புவது உலக வழக்கம். இவர் பாக்கும் புகையிலையும் சேர்த்துத் தன் வாய்க்கு அனுப்பினார்.

“ராத்திரியாவது பல்ல வெளக்கிட்டுப் படுங்க” என்பேன்.

“ஏ புள்ள, ஆஸ்பத்திரியில ஒனக்கு ஆளு பத்தலையா? வீட்டுக்கு வந்தும் வாயவே பாக்குற” என்பார். பிறகு, வம்புக்கென்றே, “ஒரு நாளைக்கு ஒங்கையால மடிச்சுக் குடேன்” என்று கேட்பார். நான் கொடுத்ததில்லை. அது கெட்ட பழக்கம் என்று இன்றும் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் கால் மரத்தது. பிறகு இடுப்பு, கை, கடைசியில் மூச்சுவிடும் தசைகள். தேனியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாய் வழியாகக் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைத்தார்கள். நரம்பைத் தாக்கும் இந்த நோய் பெரும்பாலும் வந்த வழியே மெல்ல இறங்கிப் போகும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நிமோனியா வராமல் காத்தால் மனிதர் பிழைத்துக்கொள்வார். குழாய் போட்டவருக்கு நிமோனியா வானத்திலிருந்து விழுவதில்லை. பல்லிடுக்கில் பெருகும் கிருமி, எச்சிலோடு சேர்ந்து குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குப் போகிறது. ஆக, நாங்கள் ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட அதே வாயில்தான் இப்போது அவர் உயிர் இருந்தது.

கிருமிநாசினி மருந்து பாட்டிலோடு போய் நின்றேன். அந்தப் பிரிவின் செவிலி தயங்கிச் சொன்னாள்: “மேடம், அத இப்ப போடுறதில்ல. வேண்டாம்னு டாக்டரு சொல்லிட்டாக. பிரஷ்ஷும் தண்ணியும் போதுமாம்.”

பரீட்சையில் எழுத மறந்தவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்த மருந்து அது. அதனால் பயன் உறுதியில்லை, கெடுதலும் இருக்கலாம் என்று இப்போது சந்தேகம் வந்திருக்கிறதாம். மருந்துகளும் ஓய்வுபெற்ற எங்களைப் போலத்தான். ஒருநாள் காலையில் பார்த்தால், நாம் இல்லாமலே எல்லாம் நடக்கிறது.

பல் விளக்கும் வேலையை, செவிலி பக்கத்தில் நிற்க, என்னையே செய்ய விட்டார்கள். தலைமாட்டை உயர்த்தி வைத்து, குழந்தைகளுக்கான பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பேன். ஊறும் நீரை உடனுக்குடன் குழாயால் உறிஞ்சி எடுத்து, நாக்கைத் துடைத்து, உதட்டில் ஈரம் தடவுவேன். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஆனால் அசைந்தது இமை மட்டும்தான். ஆமாம் என்றால் ஒரு தடவை மூடித் திறப்பார். இல்லை என்றால் இரண்டு தடவை.

“திட்டணும்போல இருக்கா?” என்று கேட்டேன்.

ஒரு தடவை.

“கொழாய எடுத்ததும் திட்டுங்க. கேட்டுக்கிறேன்.”

தேவாரம் ஊரிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால், மதினியை உள்ளே விட்டுவிட்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்து பல் விளக்கும்போது, கன்னத்தின் உட்புறம் பச்சையாக ஏதோ பிரஷில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து, “மதினி, வாயில என்னத்த வச்சீக?” என்றேன்.

“வெத்தலதான். நாக்கு வறண்டு கெடக்கானே தாயி. நீ பாத்திரம் வெளக்குற மாதிரி ஒரசுற. அவனுக்கு ஒரு ருசி வேணாமா? கொழுந்து வெத்தலையா எடுத்து, என் வாயில மென்னு பதமாக்கித்தான் வச்சேன். பாக்கு வைக்கல, பொயல வைக்கல. எனக்கும் வெவரம் தெரியும்.”

“உள்ள எறங்குனா உசுருக்கு ஆபத்து மதினி.”

“கேக்காம வைக்கல. வேணுமாடான்னு கேட்டேன். கண்ண மூடித் தெறந்தான்.”

உள்ளே போய் அவரிடம் கேட்டேன். “நீங்களா கேட்டீக?”

என்னைப் பார்த்தார். ஒரு தடவை மூடித் திறந்தார்.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. உறிஞ்சும் குழாயில் சளி மஞ்சளாக ஏறியது. மருந்தை மாற்றினார்கள், பிறகு மறுபடி மாற்றினார்கள். அந்த வெற்றிலையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்கு வரும் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது சாதாரண வரியாகத்தான் இருந்தது.

அவர் கண் திறக்காமல் போன பிறகும் நான் பல் விளக்கினேன். முன்பற்களில் அவரிடம் நான் பார்த்தே இராத வெண்மை தெரிந்தது. அவரிடம் காட்டிக் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். மறுநாள் அதிகாலையில் போய்விட்டார்.

எங்கள் பக்கம், எடுப்பதற்கு முன் இறந்தவர் வாயில் வெற்றிலை பாக்கு இடித்து வைப்பது வழக்கம். மதினிதான் இடித்தார். இடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் போகாமல் நின்றார்.

“நீயே வையி. என் கை வேணாம்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு.

“பொயல?” என்றேன்.

மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கிள்ளு எடுத்துக் கொடுத்தார். அதையும் சேர்த்து உருட்டினேன். தாடைக்கட்டைத் தளர்த்தி, பழக்கத்தில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அவர் எப்போதும் அடக்கிக்கொள்ளும் இடது கன்னத்தில் வைத்தேன்.

உதட்டோரம் சிவப்பு கசிந்தது. துடைக்க வந்த மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.