மட்டம் பார்க்கிறவன் ஆடிய கோல்ஃப்

காலர் இல்லாத சட்டையோடு கோல்ஃப் மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்று ரிசார்ட் வரவேற்பில் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் இருக்கும் டி-ஷர்ட் அத்தனையும் காலர் வைத்ததுதான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒவ்வொரு கம்பெனியிலும் ஒன்று கொடுத்து, மணவாள நகர் வீட்டு பீரோவில் ஒரு தட்டே நிறைந்து கிடக்கிறது. அதில் பச்சை நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு, முதுகில் கம்பெனிப் பெயரோடு, காலை ஆறரைக்கெல்லாம் போய் நின்றேன். என் மனைவி சுடிதாரும் வாக்கிங் ஷூவுமாக வந்தாள். கொடைக்கானல் குளிரில் இரண்டு பேர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

கல்யாணமாகி இருபது வருஷம் ஆனதற்காக அவள் பிடிவாதம் பிடித்து ஏற்பாடு செய்த மூன்று நாள் பயணம் அது. அறையோடு சேர்த்து ஒன்பது குழி கோல்ஃபும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். “உண்டுன்னு போட்டுக்கிறான், ஆடாம வர்றதா?” என்று அவள் கேட்டாள். கிடைத்ததை விடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

கூடாரம் போன்ற ஒரு கொட்டகையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “வணக்கம் சார், வணக்கம் மேடம். நான்தான் உங்களுக்குக் கேடி” என்றார். என் மனைவி கைப்பையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கேடி என்றால் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள். மட்டை தூக்கி, பந்து தேடி, வழி சொல்கிறவருக்கு கோல்ஃபில் அதுதான் பெயராம். அந்த மனிதருக்கும் இது பழகிப்போன கூத்து போலிருக்கிறது, “பயப்படாதீங்க மேடம், நல்ல கேடி” என்று சிரித்தார்.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நான் மெஷின்களுக்கு மட்டம் பார்க்கிறவன். காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ புது மெஷின் வந்திறங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். அஸ்திவாரத்தின் மேல் அதை உட்காரவைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் ஓடும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கடியில் மெல்லிய தகடு சொருகி, நட்டை முடுக்கிக் கையெழுத்துப் போட்டால் மெஷின் ஓடும். மட்டம் என்ற சொல்லுக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. மட்டமான சரக்கு என்பார்கள், ஆளை மட்டம் தட்டுவார்கள், வேலைக்கு மட்டம் போடுவார்கள். எனக்கு அதுதான் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு போடுகிறது.

அந்தச் சோற்றில்தான் மூன்று மாதமாக ஒரு கல் கடிபட்டுக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் உட்காரவைத்த பிரஸ் மெஷின் இரண்டே வாரத்தில் ஆட ஆரம்பித்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். “அஸ்திவாரம் எறங்கியிருக்கும் சார்” என்று சொன்னேன். அவ்வளவுதான். சிமென்ட் கலவை சரியில்லை என்று அஸ்திவாரத்தை உடைத்து வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். அதைக் கட்டிய மேஸ்திரியை அதற்கப்புறம் அந்தப் பக்கமே கூப்பிடவில்லை. பதினைந்து வருஷமாக என்னோடு வேலை செய்த மனிதர். சண்டைக்குக்கூட வரவில்லை, “போவட்டும் நைனா” என்றார். இப்போது அதே கம்பெனியில் புது ஷெட், எட்டு அஸ்திவாரம். “பழைய மேஸ்திரியையே போடலாமா, வேணாமா? திங்கக்கிழமை சொல்லு” என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டிருந்தார். மலைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமையும் என்னோடு ரயிலேறி வந்திருந்தது.

ஆனால் முதல் பந்தை அடித்ததும் எல்லாம் பறந்துவிட்டது! சிறு மரக்குச்சியின் மேல் பந்தை வைத்தார் கேடி. முதல் வீச்சில் காற்றை அடித்தேன். இரண்டாவதில் புல்லை அடித்தேன். மூன்றாவதில் ‘டக்’கென்று ஒரு சத்தம், கையில் ஒன்றுமே தெரியவில்லை, பந்து மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், எதிரே பைன் மரங்கள், நடுவில் நான் அடித்த வெள்ளைப் பொட்டு. “யோவ், எங்கயா போவுது அது!” என்று மனைவி கத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் என்னைவிட நன்றாக ஆடினாள். அலட்டிக்கொள்ளாமல், வாசல் பெருக்குவதுபோல் ஒரு வீச்சு, பந்து ஒழுங்காக நாற்பதடி போய் நிற்கும். அடுத்து இன்னொரு நாற்பதடி. நான் காட்டுக்குள் பந்து தேடிக்கொண்டிருக்கும்போது அவள் குழிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பாள்.

நான்காவது குழியில் எங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ “ஃபோர்!” என்று அலறினார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ் பந்து கிரிக்கெட் பார்க்கிற எங்களுக்கு அதைக் கேட்டால் என்ன செய்யத் தோன்றும்? அவள் கை தட்டினாள். நான் அம்பயர்போல் வலது கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். கேடி மட்டும் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ‘விர்ர்’ரென்று ஒரு பந்து என் காதோரமாகப் போய் முன்னால் பொத்தென்று விழுந்தது. தலையில் பந்து விழப்போகிறது, குனி என்பதுதான் அந்த ஃபோராம். “நாலு ரன்னுன்னு நெனச்சிக்கினு நின்னுக்கினு இருந்தோம் சார்” என்று கேடியிடம் சொல்லிச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

சிரிப்பெல்லாம் குழியை நெருங்கும்வரைதான். குழியைச் சுற்றி மழித்துவிட்டதுபோல் இருக்கும் பச்சைத் தரையில் ஏறியதும் எனக்கு ரோஷம் வந்துவிடும். அங்கே பந்தை உருட்டித்தான் குழியில் தள்ள வேண்டும். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் போதும். அது என் தொழில் அல்லவா? ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, சாய்வு பார்த்து உருட்டினேன். ஒவ்வொரு முறையும் பந்து நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போனது.

“மலையை அங்கிட்டுப் பாத்துட்டு இங்கிட்டுத் தரையைப் பாத்தா கண்ணு ஏமாத்தும் சார். எப்பவும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் ஓடும். கண்ணை நம்பாதீங்க” என்றார் கேடி.

“இருபத்திரண்டு வருசமா மட்டம் பாக்கறேன். எனக்கா சொல்ற?” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. அடுத்த மூன்று குழியிலும் மூக்குடைந்தேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பதாவது குழி மலை விளிம்பில் இருந்தது. இடது கைப்பக்கம் செங்குத்தாக மலை, வலது கைப்பக்கம் வேலி, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. என் பந்துக்கும் குழிக்கும் எட்டடி. பார்த்தேன்: தரை மலைப் பக்கம், இடது பக்கம்தான் சாய்ந்திருந்தது. சந்தேகமே இல்லை. கேடி வலது பக்கம்தான் சாய்வு என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், “உன் பையில தண்ணி பாட்டில் இருக்குதா?” என்று மனைவியைக் கேட்டேன். அறையில் வைத்திருந்த கண்ணாடி பாட்டிலை அவள் எடுத்துவந்திருந்தாள். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, இறுக மூடி, பாதி வழியில் குறுக்கே படுக்க வைத்தேன். பிறகு நானும் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

“சார், புல்லு சார்!” என்று கேடி பதறினார்.

“இன்னாங்க இது, எழுந்திருங்க, எல்லாம் பாக்குறாங்க” என்றாள் மனைவி.

பாட்டிலுக்குள் காற்றுக் குமிழ் மெதுவாக நகர்ந்து இடது பக்கம் போய் நின்றது. குமிழ் போகிற பக்கம்தான் மேடு. நான் விடவில்லை. ரசமட்டத்தை ஒரு தரம் பார்த்தால் போதாது, திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். பாட்டிலின் தலைப்பக்கத்தை வலமாகத் திருப்பி வைத்தேன். குமிழ் மறுபடியும் இடது பக்கமே வந்தது. மலைப் பக்கம் மேடு, பள்ளத்தாக்குப் பக்கம் தாழ்வு. என் கண் அந்த நிமிஷமும் இடதுதான் தாழ்வு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ரசமட்டப் பெட்டியைக் காக்களூரில் வேறொரு வேலை இடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். போய் எடுத்துவர சோம்பல். கண்ணாலேயே பார்த்துத் தகடு சொருகிக் கையெழுத்துப் போட்டேன். என் கண்ணுக்கு எதற்கு ரசமட்டம் என்ற திமிர்.

எழுந்து, குழிக்கு இடது பக்கம் இரண்டு சாண் தள்ளிக் குறி வைத்தேன். கண் வேண்டாம் வேண்டாம் என்றது. உருட்டினேன். பந்து நேராகப் போனது, இன்னும் போனது, பிறகு யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வலது பக்கம் வளைந்து, விளிம்பில் ஒரு நொடி யோசித்து, ‘டொக்’கென்று உள்ளே விழுந்தது.

நான் கத்திய கத்தலுக்குப் பைன் மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. கேடி கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் துள்ளிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, “மேஸ்திரி மேல தப்பில்லமே! நான் மட்டமே வெக்கல!” என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் உளறிவிட்டேன்.

“இன்னாது?” என்றாள். கும்மிடிப்பூண்டி கதையை அங்கேயே, குழியின் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழுசாகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கைப்பையிலிருந்து என் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மேஸ்திரிக்குப் போட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். “நைனா, மலைக்குப் போய்க்கிறியாமே, குளுரு ஜாஸ்தியா? நாஷ்டா துன்னியா?” என்று கேட்டார்.

“மேஸ்திரி, உங்க அஸ்திவாரம் எறங்கல. நான் ரசமட்டம் வெக்காம கண்ணால பாத்து உக்கார வெச்சேன். தப்பு என்னுது. மேனேஜர் கிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்றேன். திட்டுவார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவரோ, பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் குரலில் கேட்டார்.

“அப்ப, என் கலவை சரியாத்தான் இருந்துச்சா?”