பாலுசாமி நாற்காலியை விட்டு எழுந்த வரலாறு

"சாமியே மலையெறங்கி வந்து கூப்புட்டாலும் இந்தச் சேரை உட்டு அசைய மாட்டனுங்க!"

வெள்ளகோவில் கொப்பரைக் களத்து முதலாளி பாலுசாமி இப்படி முழங்கியது மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கான ஊர்க் கூட்டத்தில். கையில் டீ கிளாஸ் இருந்தது. சாட்சிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவரை அந்த அளவுக்குச் சீண்டியவர் அவருடைய மனைவி புவனாதான். "இந்த நோம்பிக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம் வைக்கறோம், ஊரே ஆடிப் பழகுது, நீங்களும் வாங்க மாமா" என்று கேட்டதைத் தவிர அவர் வேறெந்தக் குற்றமும் செய்யவில்லை.

முழக்கத்தில் பொய் கிடையாது. பாலுசாமி அசைந்ததற்கு ஊரில் ஆதாரம் குறைவு. நோம்பி என்றால் முன்வரிசையில் வலது ஓரத்துச் சிவப்பு நாற்காலி அவருடையது. அதில் வேறொருவர் உட்கார்ந்தால் மழை பெய்யாது என்று நம்புகிறவர்களும் உண்டு. சாமி முன்னால் அவர் கண்ணை மூடியதில்லை. மூடிவிட்டால் பந்தியை யார் கவனிப்பது? பூசாரி தேங்காய் உடைத்தால் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பாலுசாமி மட்டும் எட்டிப் பார்த்துப் பருப்பு எவ்வளவு கனம் என்று மனதுக்குள் மதிப்புப் போடுவார்.

புதிதாக எதைக் கற்றுக்கொள்ளச் சொன்னாலும் "இனிமேலு நமக்கென்னத்துக்குங்க?" என்பார். ஊர் அதைப் பக்குவம் என்று மெச்சியது. அது சுத்தமான பயம். தெரியாத ஒன்றைத் தொட்டால் நாலு பேர் முன்னால் தெரியாதவனாக நிற்க வேண்டுமே! அப்படி நின்று அவருக்குப் பல வருஷமாகிவிட்டது.

ஆனால் புவனாவைக் கும்மிப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட ஸ்கூட்டர் ஓட்டியாக வேண்டும். அசையாத மனிதர் இப்படித்தான் தினமும் சாயங்காலம் கோயில் திடலுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் தவறினாலும் முதல் ஆளாகச் சிரித்தார். ஆசிரியர் கிருபாசங்கர் முப்பது வயதுப் பையன். பகலில் கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனி வேலை, சாயங்காலம் கையில் மைக். அவன் பாட்டை எடுத்துக் கொடுத்தால் நூறு ஜோடிக் கால்கள் ஒன்றாக மண்ணில் விழும். அந்த அதிர்வு நாற்காலியின் பிளாஸ்டிக் கால் வழியாக ஏறி முதலாளியின் முதுகுத்தண்டு வரைக்கும் வந்தது. ஒருநாள் அவருடைய வலது கால் பெருவிரல், உரியவரின் அனுமதி இல்லாமல், தாளம் போட்டுவிட்டது.

மறுநாள் காலை களத்தில், காயப்போட்ட தேங்காய் மூடிகளுக்கு நடுவே, ஆள் வருவதற்கு முன்னால் பாலுசாமி இரண்டு அடி வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சுற்று. பிறகு கைதட்டி ஒரு குனிவு. ஆனால் களத்தில் பருப்பு நோண்டும் மாசாணியம்மாள் அன்றைக்கென்று சீக்கிரம் வந்திருந்தார்.

"ஏனுங் மொதலாளி, கால்ல எறும்பு ஏறிப்போச்சுங்களா?"

"ஆமாங்க்கா, செவ்வெறும்பு. நெம்ப மோசம்."

"தாளந்தப்பாம கடிக்குதுங்களே!"

அன்று மாலை புவனாவிடம் விஷயத்தை மெதுவாக அவிழ்த்தார். "நானும் சித்தெ நின்னு பாக்கட்டுமா அம்மணி? சும்மா, ரத்த ஓட்டத்துக்குத்தான். டாக்டரு சொன்னாரு."

"டாக்டரா? சாமி மலையெறங்கிட்டாருன்னு நெனச்சேன்!" என்றார் புவனா.

பாலுசாமி திடலில் இறங்கினார். அடி விழுந்தது, கை சேர்ந்தது, ஒரு பாட்டு முழுக்க உடம்பு பஞ்சாகப் பறந்தது. விபத்து நடந்தது இரண்டாம் பாட்டில்தான். இரண்டு வரிசைகள் எதிரெதிரே வந்து ஊடுருவிப் போக வேண்டிய இடம். எதிரே வந்தவர் உரக்கடை தம்பிதுரை. இருவரும் கண்ணியமான மனிதர்கள், ஆகவே இருவரும் நின்றார்கள்.

"போங்க."

"அட, நீங்க போங்க."

"உங்களுக்கு அப்பறந்தானுங்க நாங்கெல்லாம்."

"அதெப்படீங்க, நீங்க மின்னால போனாத்தான மருவாதி?"

கல்யாண வீட்டு வாசலில் இந்த உபசாரம் சோறு ஆறும்வரை நடக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இங்கே பின்னால் நாற்பது பேர் தாளத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். வந்த வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அடியில் கிடந்த தம்பிதுரை அப்போதும், "மொதல்ல நீங்க எந்திரிங்க" என்றார்.

"பந்திக்குக் கூப்புட்டாங்கன்னு நெனச்சுட்டாங்களாட்டிருக்குது!" என்று யாரோ குரல் கொடுக்க, திடலே சிரித்தது. பாலுசாமி வேட்டியைத் தட்டிவிட்டு, நாற்காலிக்குக்கூடத் திரும்பாமல், நேராக ஸ்கூட்டருக்குப் போனார்.

"இனி அந்தப் பக்கமே வாரதில்ல" என்றார் வீட்டில். "ஊரே சிரிக்குது."

"சிரிச்சா என்னுங்க மாமா? மொத வாரம் நானும் வுழுந்தேன். அப்ப சேர்ல உக்காந்து எச்சாச் சிரிச்சது ஆருங்க?"

எச்சாகச் சிரித்தவர் அவசரமாக ஸ்கூட்டரைத் துடைக்கக் கிளம்பினார்.

அடுத்த நாள் வெறும் ஓட்டுநராக மட்டும் போய் உட்கார்ந்தார். கிருபாசங்கர் அன்று முருகன் வள்ளியைத் தேடி வரும் கட்டத்தைப் பாடினான். பாலுசாமிக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த கதை. அன்றுதான் காதில் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி வேடனாக வருகிறார், தினைப்புனம் காக்கும் பெண் விரட்டுகிறாள். மரமாக நிற்கிறார், வேலைக்காகவில்லை. கடைசியில் கிழவனாக, தடுமாறிக்கொண்டு, தேனும் தினைமாவும் கேட்கிறார். துளி வெட்கம் இல்லை! ஏற்கெனவே ஆறு முகம் உள்ளவருக்கே இன்னொரு முகம் தேவைப்பட்டிருக்கிறது. இங்கே ஒருவர் இருக்கிற ஒரே முகத்துக்கு அடிபடாமல் ஐம்பத்து நாலு வருஷமாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.

பாலுசாமியின் கண்கள் தாமாக மூடின. பந்தி நினைப்பு வரவில்லை. "முருகா" என்றார். அந்தப் பெயரை அவர் கொப்பரை விலையைச் சேர்க்காமல் சொன்னது அதுவே முதல் தடவை. மறுநாளிலிருந்து கடைசி வரிசையில் ஒரு ஆள் கூடியது.

அரங்கேற்ற நாள், பொழுது சாயும் நேரம். ஊரும் உறவும் திரண்டிருந்தன. முன்வரிசை வலது ஓரத்தில் சிவப்பு நாற்காலி துடைத்துத் தயாராக இருந்தது. பாலுசாமி தைரியசாலிதான், ஆனால் முன்ஜாக்கிரதை உள்ளவர். ஆடுகிறவர்களுக்கான பச்சைச் சட்டையைப் போட்டு, அதன்மேல் வழக்கமான வெள்ளைச் சட்டையையும் போட்டிருந்தார். தைரியம் கைவிட்டால் ஊருக்குத் தெரியாமல் போய்விடுமல்லவா?

கால் தன்னால் நாற்காலியை நோக்கிப் போனது. உட்கார்ந்தார். பக்கத்தில் தாராபுரத்துச் சம்பந்தி.

"ஏனுங் சம்பந்தி, நீங்களும் ஆடறீங்கன்னு காதுல உழுந்துச்சுங்களே?"

"சேச்சே, ஆருங்க சொன்னது? வேடிக்கை பாக்கத்தானுங்க."

"அப்பறம் ஏனுங்க இப்புடி வேர்க்குது?"

மைக்கில் கிருபாசங்கரின் குரல் கிளம்பியது. கால்கள் மண்ணில் விழுந்தன. முதல் சுற்றில் புவனா தாண்டிப் போனார், கண்ணால்கூடக் கூப்பிடவில்லை. பாட்டில் வேடன் வந்து போனான். மரம் நின்றது. கிழவன் தடுமாறிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டையின் முதல் பொத்தானுக்குப் பாலுசாமியின் கை போனது, இறங்கியது, திரும்பப் போனது.

செருப்பை நாற்காலிக்கு அடியில் கழற்றிவிட்டார். சட்டையை நாற்காலியின்மேல் போட்டார். சம்பந்தியின் வாய் திறந்தது திறந்தபடி இருக்க, பச்சைச் சட்டையோடு கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்தார்.

வரிசைகள் எதிரெதிரே வந்தன. தம்பிதுரை பழக்கதோஷத்தில் நின்று, "நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஆடுங்க மச்சா!" என்று தோளை உரசிக்கொண்டு பாலுசாமி பாய்ந்து போனார். கூட்டம் விசிலடித்தது. அவருக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாசாணியம்மாள் உட்கார இடம் தேடி முன்வரிசைப் பக்கம் வந்தார்.

"ஏனுங்க, இந்தச் சேருக்கு ஆளு வருதுங்களா?"

சம்பந்தி வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், திடலைப் பார்த்தார். வட்டம் முன்வரிசையை ஒட்டி வந்தது. குனிந்து கைதட்டி நிமிர்ந்த பாலுசாமி, மூச்சு வாங்க, தாளம் தப்பாமல் சொல்லிவிட்டுப் போனார்:

"உக்காருங்க்கா. அதுல ஆளில்லீங்க."

மாசாணியம்மாள் சட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.