அக்கா வீட்டு நீலக்கோடு

பெயின்டரைத் தெருவில் எல்லோரும் ‘நீலக்கோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷ வெள்ளம் வடிந்ததும் தெருக் குழு அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தண்ணீர் நின்ற உயரத்தில் நீலக் கோடு போட வேண்டும். அடுத்த முறை எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே! மனிதர் படு கறார். “கொஞ்சம் கீழ போடுங்களேன், வீட்டுக்குக் குடிவர ஆள் பயப்படுறாங்க” என்று யார் கெஞ்சினாலும் காது கேட்காதவர் மாதிரி பிரஷ்ஷை நனைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு வீட்டில் வழுக்கி விழுந்தார். அது அவருடைய அக்கா வீடு. அக்கா மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். “நெஞ்சு உயரத்துல கோட்டைப் பாத்தா, முங்குற வீடுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்கடா” என்று அக்கா கண்கலங்கினாள். தம்பி முழங்கால் உயரத்தில் கோட்டை இழுத்துவிட்டு வந்துவிட்டார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல!

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. தரையோரம் இருந்த பிளக் பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றும் வேலை ஆரம்பமானது. எலக்ட்ரீஷியன் தனியாக அளவெல்லாம் எடுப்பதில்லை. கோட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டுப் பெட்டியை மாட்டிவிடுவார்.

“உங்க கோடு இருக்கறப்ப எனக்கு டேப் எதுக்குண்ணே?” என்றார் அவர், டீக்கடையில். “நாளைக்கு உங்க அக்கா வீடுதான்.”

பெயின்டர் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார். இடுப்பளவில் கரன்ட், நெஞ்சளவில் தண்ணீர். பெயின்ட் டப்பாவும் கையுமாக அக்கா வீட்டுக்கு நடந்தார்.

விஷயத்தைக் கேட்ட அக்கா வாசலை மறித்து நின்றாள். “அடுத்த வாரம் பேசி முடிக்க வராங்கடா. கல்யாணம் நின்னுட்டா?”

“நின்னா வேற மாப்பிள்ளை பாக்கலாம்க்கா. வேற அக்காவுக்கு நான் எங்க போவேன்?” என்றபடி டப்பாவைத் திறந்தார்.

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.

“நெஞ்சு உயரத்துலயே போடு” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அவங்க வந்தா நானே காட்டிச் சொல்றேன். கோணலாப் போட்டு என் மானத்தை வாங்காதே.”