துப்பாக்கி இல்லாத செவ்வாய்

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். என்னுடையது இரட்டைக் குழல். ராணுவத்திலிருந்து வந்த பிறகு அதை வைத்துத்தான் விருத்தாசலத்தில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் வேலை பார்க்கிறேன். போன தேர்தலுக்கு ஒப்படைக்கப் போனபோது எனக்கு முன்னால் கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் நின்றிருந்தார்.

“சேதி தெரியுமாங்க? திருப்பித் தரும்போது கட்டைக்குள்ள சிப்பு வச்சித் தருவாங்களாம். எங்க எடுத்துட்டுப் போனாலும் செல்லுலயே பாத்துடுவாங்களாம். நான் பன்னி வெரட்ட வச்சிருக்கேன். யார் வூட்டுக்குப் போறேன், எந்த வரப்புல நிக்கிறேன்னு இவங்களுக்கு எதுக்குங்க?”

“யோவ், இங்க பிரிண்டருக்கே பேப்பர் இல்ல” என்றார் ஏட்டு, தலையைத் தூக்காமல். விவசாயி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் என் மகள். பெண்ணாடத்தில் இருக்கிறாள். எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்று, கையில் துப்பாக்கியோடு மாப்பிள்ளையைப் பார்த்து “சுட்டுடுவேன்டா” என்று கத்தினேன். சுடுகிறவனா நான்? வாய்க்கொழுப்பு, வேறென்ன! அன்று போனவள்தான். அம்மா சாவுக்கு வந்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பேத்தி பிறந்ததே ஊரார் சொல்லித்தான் தெரியும். மாதத்தில் ஒரு செவ்வாய், கடை விடுமுறையன்று, பஸ் ஏறிப் போய் அவள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்காருவேன். குழந்தை ஸ்கூல் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். துப்பாக்கியும் கூடவே வரும். விட்டுவிட்டு எங்கே போவது? நான் இருப்பது பீங்கான் ஜாடி கம்பெனிகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில். ஓர் உதை விட்டால் கதவு பெயர்ந்து வந்துவிடும். முதலாளியைக் கேட்டதற்கு, “லைசன்ஸு உங்க பேர்ல இருக்குது. எங்கிட்ட இருந்தா நான் உள்ள போவணும்” என்றார். கழற்றிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன். இந்தச் சனியனால் எத்தனையோ கல்யாணத்துக்குப் போகவில்லை. இப்போது யாரும் கூப்பிடுவதுமில்லை.

சிப்பு வைத்தால் என்ன தெரியும்? மாப்பிள்ளையைச் சுடுவேன் என்றவன் துப்பாக்கி, மாதம் தவறாமல் அவர் வீட்டெதிரில். எவன் நம்புவான்? வேலை போகட்டும், மகள் காதுக்கு எட்டுமே! துப்பாக்கி திரும்பி வருவதற்குள் ஒரு முறை வெறுங்கையோடு நேராக வாசலுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த செவ்வாயே போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். முதலில் என் கைகளைப் பார்த்தாள். பிறகு எட்டி முதுகுப் பக்கம் பார்த்தாள்.

“பை எங்கப்பா?”

“எந்தப் பை?”

“மாசா மாசம் எதிர்க்கடையில மடியில வச்சிக்கிட்டு உக்காருவீங்களே, அது. உங்களப் பாத்ததுமே இவருக்கு போன் பண்ணி வூட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிடுவேன். நீங்க பஸ்ஸு ஏறின பெறகுதான் வருவாரு. மூணு வருஷமா.”

அங்கேயே செத்துப்போயிருக்கலாம். “பாப்பாவப் பாக்கத்தாம்மா வந்தேன். துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குது” என்று சட்டைப்பையிலிருந்த ரசீதை நீட்டினேன். வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“எலக்‌ஷன் முடிஞ்சா திருப்பிக் குடுத்துடுவாங்க இல்ல?”

“குடுத்துடுவாங்க.”

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நிலைப்படிக்கு உள்ளே நின்றபடியே நீட்டினாள். நான் வெளியே நின்று குடித்தேன்.