நகத்தில் மின்னிய தூள்

நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான். ஆமத்தூர்ப் பக்கம் நாலு ஷெட்டில் பட்டாசுக் கம்பெனி தொடங்கி நாப்பது ஷெட் ஆக்கியவன். அலுமினியத் தூளைக் கட்டைவிரல் நகத்தில் தேய்த்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். வெள்ளி மாதிரி மின்னினால் நல்ல தூள். மற்ற முதலாளிகளும் என்னிடம்தான் கேட்டுப் போவார்கள்.

போன மழைக்கு எங்கள் போர்மேன் ஒரு டிரம்மைத் தொட்டுக் காட்டினான்.

"அண்ணாச்சி, வெதுவெதுன்னு இருக்கு. ஒதுக்கி வச்சிருவோம்."

தேய்த்துப் பார்த்தேன். மின்னியது. "போய்க் கலக்குலே" என்றேன்.

கலவை அறையில் பற்றிக்கொண்டது. அவன் கை இரண்டும் வெந்துபோயின. மருந்தை அழுத்தித் தேய்த்துவிட்டான், அவன் கவனக்குறைவு என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். புண் ஆறிய பிறகும் அவனை ஒரு கம்பெனியும் சேர்க்கவில்லை.

என் நகத்தைச் சந்தேகப்பட்டவர்கள் வாயை அடைக்க, டிரம்மில் மிஞ்சியதில் ஒரு சிட்டிகையை நானே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்தேன். என்.எம்.ஆர். சோதனை என்றார்கள். பெரிய காந்தம். வாட்சைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அம்மா தூளை மணலோடு கலந்து, தீக்குச்சி போன்ற குழாயில் அடைத்து, காந்தத்துக்குள் சாய்த்து வைத்துச் சுழற்றினார். எங்கள் தரைச்சக்கரம் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது.

திரையில் இரண்டு கூர்முனைகள் எழும்பின.

"தூரத்துல நிக்கிறது சுத்தமான அலுமினியம். இந்தப் பக்கம் இருக்கிறது தண்ணி பட்டு மாறினது. ஒவ்வொரு அணுவும் பக்கத்துல யார் இருக்காங்கன்னு சொல்லிரும், ஐயா. தண்ணி ஏறினா தூள் தானாவே சூடாகும்."

"நகத்துல மின்னுச்சே."

"மின்னத்தான் செய்யும். பாதி இன்னும் அலுமினியம்தானே."

திரும்பும் வழியில் டிரைவர் டீ வாங்கித் தந்தான். குடித்தேன். சூடாக இருந்ததா என்று தெரியவில்லை.

நேரே விஸ்வநத்தத்தில் போர்மேன் வீட்டுக்குப் போய், தூள் கெட்டிருந்ததைச் சொன்னேன். விரல்கள் மடங்காத கையால் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"நான் சொன்னா கேக்க மாட்டீக. மெஷின் சொன்னாத்தான் கேப்பீகளோ?"

அவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இங்கன சொல்லி என்ன செய்ய, அண்ணாச்சி? அன்னைக்கு ஊரெல்லாம் சொன்ன மாதிரி இதையும் சொல்லுங்க."

மறுநாள் காலை, ஆட்கள் வேனில் வந்து இறங்கும் நேரம் எங்கள் கம்பெனி கேட்டில் நின்றேன். டிரம்மில் தூள் கெட்டிருந்தது, கலக்கச் சொன்னது நான், போர்மேன் தடுத்தான் என்று சொன்னேன். ஆட்கள் கேட்டுவிட்டுத் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு அவரவர் ஷெட்டுக்குப் போனார்கள்.