அண்ணன் பெயருக்கு நேரே ஒரு ‘வரவில்லை’

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரு வாரத்துத் தொடரில் தோற்காமல் ஆடிக்கொண்டிருக்கும் வீரர், அதே காரணத்தால் அடுத்த வாரத் தொடரின் தகுதிச் சுற்றுக்குப் போய்ச்சேர முடியாவிட்டால், உரிய நேரத்துக்குள் அவர் கேட்டுக்கொள்ளும் பட்சத்தில், முதன்மைச் சுற்றிலேயே அவருக்குத் தனி இடம் தர வேண்டும். ஜெயித்துக்கொண்டிருப்பதற்காக ஒருவர் நஷ்டப்படக் கூடாது என்பது இதன் சாரம். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, இத்தனை நல்ல விதி ஒழுங்காக அமலுக்கு வராது என்று படித்த அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரை டென்னிஸ் விதியோடு தொடங்குவதற்கு உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். அண்ணியிடம் முன்அனுமதி பெற்றுவிட்டேன். “வேற எதையாவது எழுதினா அவர் படிக்க மாட்டார், எழுதுங்க” என்றார்.

அண்ணன் குத்தாலத்தை அடுத்த கிராமத்தில், குத்தகைக்குச் சாகுபடி செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். திருச்சியில் பொறியியல் படித்தபோது விடுதிக்குப் பின்னால் இருந்த டென்னிஸ் தளம் அவரைப் பிடித்துக்கொண்டது. கல்லூரி அணியில் இடம் கிடைத்த வருடம் அப்பா காலமானார். அண்ணன் மட்டையை அறை நண்பரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, அந்தச் சம்பாவை அறுத்து முடித்த பிறகே தேர்வு எழுதப் போனார். பிறகு பொதுப்பணித் துறை, பாசனப் பிரிவு. திருவையாற்றிலும் பாபநாசத்திலும் மதகுகளோடும் விவசாயிகளோடும் முப்பது வருடம் மல்லுக்கட்டினார். வெள்ளம் வந்தால் கரையில் நிற்பார். வராவிட்டால் கடைமடைக்காரர்களின் ஏச்சுக்கு நடுவில் நிற்பார். என்னைப் படிக்கவைத்தது அவர். அதைச் சொன்னால் பேச்சை மாற்றுவார், பெரும்பாலும் டென்னிஸுக்கு.

மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு பெரிய தொடர்கள் நடக்கும். ஒன்று பாலைவனத்து ஊரில், மற்றொன்று கடற்கரை நகரத்தில். முதலாவதில் கோப்பை வாங்கியவர் இரண்டாவதில் ஆரம்பத்திலேயே தோற்றால் பத்திரிகைகள் ஃபார்ம் போய்விட்டது என்று எழுதும். அண்ணனுக்கு அது பிடிக்காது. அங்கே காற்று காய்ந்தது, பந்து பறக்கும். இங்கே ஈரம், பந்து கனக்கும். நடுவில் ஒரு விமானப் பயணம், ஓய்வில்லாத முழங்கால். இத்தனையையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் ஃபார்ம் என்பார். “மேட்டூர்ல எத்தனை அடின்னு மட்டும் பாத்துட்டு கடைமடையில வெளைச்சல் சொல்லாதடா” என்று எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஒரே மகள் கயல்விழி தொழில்முறை ஆட்டக்காரி. தொலைக்காட்சியில் வரும் தொடர்கள் அல்ல. பார்வையாளர்களில் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களாகவே இருக்கும் சின்னத் தொடர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பதால், ஸ்கோர் பலகையில் அவள் பெயர் வராது, அண்ணன் பெயர்தான் வரும். மூத்தவர் பெயரைச் சொல்லாத மரபுப்படி இந்த மலரில் நான் எழுதாமல் விட்டிருக்கும் அந்தப் பெயர், பல ஊர்களின் பலகைகளில் முதல் செட்டை இழந்து இரண்டாவதை வென்றிருக்கிறது. “இந்த வயசுல உங்களை இப்படி ஓட விடுறாளே” என்று அண்ணி கேலி செய்வார்.

அண்ணன் மறைவதற்கு முந்தைய ஆண்டில் ஒரு வாரம் கயல் தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடினாள். தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, வெள்ளிக்கிழமை காலிறுதியையும் வென்றாள். அடுத்த வாரத் தொடர் வேறு மாநிலத்தில். அதன் தகுதிச் சுற்று மறுநாளே. மேலே சொன்ன விதி அவளுக்காகவே எழுதப்பட்டது போல இருந்தது. தொடையில் பிடிப்பு ஏற்பட்டு அவள் சிகிச்சை மேசையில் படுத்திருந்ததால், தனி இடம் கோரும் மின்னஞ்சலை அவள் கேட்டுக்கொண்டபடி, ஓய்வுக்குப் பிறகு குடியிருந்த பாபநாசத்திலிருந்து அண்ணனே அனுப்பினார். நேரத்தில் அனுப்பினார். நல்ல ஆங்கிலத்தில் அனுப்பினார். கீழே, நம் குடும்பத்தில் எல்லாரும் எழுதுவது போல, முன்னெழுத்துப் போட்டு அவள் பெயரை எழுதினார்.

முன்னெழுத்தோடு கயல்விழி என்று ஒருவரும் அவர்கள் பட்டியலில் இல்லை. இருந்தது அண்ணனின் முழுப்பெயர். தொடர் அலுவலகத்தில் யாரோ தேடிப்பார்த்து, அப்படி ஆளே கிடையாது என்று தாண்டிப் போய்விட்டார்கள். சனிக்கிழமை அரையிறுதியை மூன்று செட் ஆடித் தோற்றுவிட்டு கயல் அங்கே போய் நின்றபோது முதன்மைச் சுற்று அடைபட்டிருந்தது. தகுதிச் சுற்றில், அண்ணன் பெயருக்கு நேரே, முன்னறிவிப்பின்றி ‘வரவில்லை’ என்று குறிப்பு ஏறியிருந்தது. அது ஒழுங்கீனக் கணக்கில் சேரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தார்கள். ஒரு காதுகுத்தில் உறவினர் ஒருவர், ஒரு வாரம் பிரமாதமாக ஆடுகிறாள், மறுவாரம் ஆளையே காணோமே என்று வருத்தப்பட்டார்.

கயல் தொலைபேசியில் அப்பாவைத் தேற்றினாள். மெயில் நேரத்துக்குத்தான் போயிற்று, அவர்கள்தான் தேடவில்லை என்றாள். அண்ணன் கேட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும் சொன்னார்:

“முன்னெழுத்து இல்லாம எழுதினா யாரு பெத்த பொண்ணுன்னு தெரியாதேன்னு நெனச்சேன்டா.”

அந்த மாதமே அவருக்கு நுரையீரலில் புற்று என்று உறுதியாயிற்று. சிகிச்சை பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. “அவ வரலைன்னு போட்டிருக்கான். அவ வந்தாடா. அது மாறணும். அத மட்டும் பாரு” என்றார்.

மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. முன்னெழுத்தோடு எழுதிய பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கினேன். வட்டாட்சியரின் மேலொப்பமும் பெற்று, மொழிபெயர்ப்போடு இணைத்து, இந்தத் தொடர்களை நடத்தும் வெளிநாட்டு அமைப்புக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். கோபுர முத்திரை அந்த அலுவலகத்தில் என்ன கலக்கத்தை உண்டாக்கியதோ தெரியாது. கிடைத்தது, பரிசீலிக்கப்படும் என்று இயந்திரம் ஒன்று பதிலளித்தது. மாதாமாதம் நினைவூட்டினேன். மாதாமாதம் அதே இயந்திரம் அதே மரியாதையோடு பேசியது.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அண்ணன் இருந்த நாட்களில் கயல் அடுத்தடுத்து இரண்டு தொடர்கள் ஆடினாள். இரண்டிலும் முதல் சுற்றிலேயே தோல்வி. இரண்டாவது இன்னும் மோசமான ஸ்கோர். அசையாத ஒரே கேமராவில் வந்த ஆட்டத்தை அண்ணன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபார்ம் இறங்கிக்கொண்டே போகிறதே அண்ணே என்றேன்.

“நீ பத்திரத்துல கடைசிப் பக்கம் மட்டும்தான் படிப்பியா?”

“கையெழுத்து அங்கதானே இருக்கும்.”

சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு இரண்டு ஆட்டங்களையும் முதலிலிருந்து போட்டுக் காட்டினார். முதல் வாரத்தில் எதிராளி முந்தைய வாரம் இறுதிப்போட்டி வரை ஆடிக் களைத்தவள். புள்ளிகளை அவளே கொட்டிக் கொடுத்தாள். அப்படியும் கயல் கோட்டுக்கு வெகு பின்னால் நின்று பந்து வரட்டும் என்று காத்திருந்தாள். இரண்டாம் வாரம் எதிரே நின்றவள் தொடரின் முதல்நிலை ஆட்டக்காரி. அவளுடைய இரண்டாவது சர்வீஸுக்குக் கயல் கோட்டுக்குள்ளே ஒரு காலை வைத்து, பந்து எழும்போதே அடித்திருந்தாள். பாதிப் பந்துகள் விரல்கடை தூரத்தில் வெளியே போயின.

“வெளிய விழுந்தத எண்ணாத. எங்கேருந்து அடிச்சான்னு பாரு. போன வாரத்துல பயந்து தோத்தா. இந்த வாரம் பயப்படாம தோத்திருக்கா. ரெண்டும் ஒண்ணாடா?”

பார்த்தேன். ஒருமுறை கண்ணில் பட்டபின் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும் மனிதர், உள்ளங்கை அகலத் திரையில், நகத்தளவு உருவத்தின் ஒரு பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதைக் கண்டு, அதிலிருந்து அடுத்த வாரத்தைச் சொல்கிறார். எத்தனையோ அதிகாரிகளையும் நிபுணர்களையும் பார்த்தவன் நான். யாரைக் கண்டும் எளிதில் வியப்பதில்லை. அன்று கைபேசியை வாங்கி, அந்தப் பாதத்தை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரம் கயல் அரையிறுதிக்குப் போனாள். அண்ணன் ஆச்சரியப்படவில்லை. செய்தியைச் சொன்ன செவிலியர்தான் ஆச்சரியப்பட்டார்.

தன் உடம்பையும் அவர் அப்படித்தான் பார்த்தார். இரண்டு சுற்று மருந்துக்குப் பிறகு மருத்துவர் பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன், ஆட்டம் சரியில்லையா, தரை மாறிவிட்டதா என்று கேட்டார். மருத்துவர் முடிவுத்தாள்களைக் கீழே வைத்துவிட்டு, “தரை மாறிடுச்சுங்க ஐயா” என்றார். அண்ணன் தலையாட்டினார். அன்று மாலையே கயலை அடுத்த தொடருக்குப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அங்கே முதல் ஆட்டத்தை வென்ற அன்று அண்ணி அவளை அழைத்தார். மறுநாள் வந்துவிட்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

“சொல்லிட்டு வந்தியா?”

“சொல்லிட்டேன்ப்பா. எழுதியும் குடுத்துட்டேன்.”

“எந்தப் பேர்ல?”

“உங்க பேர்லதான்ப்பா.”

அதற்குப் பிறகு அவர் பேசியது குறைவு. ஐப்பசி மாத அடைமழையில், ஒரு காலை வேளையில், கயலின் கை அவர் கைமேல் இருக்கும்போது போனார். கொள்ளி வைத்ததும் அவள்தான். அதற்கு எந்த விதியில் இடம் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். மறுபடி கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கொட்டும் மழையில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சுடுகாட்டுக்கு வழி செய்து கொடுத்த பாபநாசத்து இளைஞர்களுக்கும், அண்ணனை நோயாளியாக மட்டும் பார்க்காத மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கடைமடைக் கிராமங்களிலிருந்து நடவை நிறுத்திவிட்டு வந்து நின்ற விவசாயிகளுக்கும், அவர் மட்டையை இத்தனை காலம் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்த அறை நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணியைத் தனியாக விடாமல் முறைபோட்டு வந்து தங்கிய பெண்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.

கயலுக்குத் தனி இடம் பெறத் தகுதி இருந்தது, கோரிக்கை உரிய நேரத்தில் வந்தது, அலுவலகத் தவறால் கவனிக்கப்படாமல் போயிற்று, எனவே ‘வரவில்லை’ என்ற குறிப்பு நீக்கப்படுகிறது, வருந்துகிறோம் என்று என் மனுவுக்குக் கடைசியில் அந்த அமைப்பு பதில் எழுதியிருந்தது. கடிதம் ‘அன்புள்ள செல்வி’ என்று தொடங்கி, அதையடுத்து அண்ணனின் பெயரைச் சொல்லி விளித்திருந்தது. அண்மை வாரங்களில் தங்கள் ஆட்டம் தொடர்ந்து ஏறுமுகமாக இருப்பதைக் கவனித்தோம், அடுத்த தொடரிலும் சிறப்பாக ஆட வாழ்த்துகிறோம் என்று முடிந்திருந்தது. கயல் அதைத் தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்தாள். கருமாதி முடிந்த மறுநாள் அது. கார்த்திகை ஒன்பதாம் தேதி.