பாப்பா உதட்டில் கொப்புளம் வந்தபோது ஆத்தா கொடுத்த பூ

மாரியாத்தாளைக் கும்பிடுகிற அக்கா தங்கைகள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. பிறந்து பதினொரு நாளே ஆன குழந்தை சாகக் கிடந்தது. அதற்குக் காரணம் நான். அவளைப் பிழைக்க வைத்தவள் ஆத்தா. இதை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

என் பெயர் கோகிலா. கோத்தகிரி மலையில் அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ ஃபேக்டரியில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் அரை நாள் ஊமையாக இருந்தேன். அந்தக் கதைதான் இது.

போன தை மாதம் என் நாத்தனார் சுகன்யா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், மடியில் ஒரு பிள்ளை இல்லை. பாப்பாவைக் கையில் வாங்கியதும் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கன்னத்தில் முத்தம், நெற்றியில் முத்தம், அந்தக் குட்டி உதட்டிலும் முத்தம். சுகன்யா சிரித்தாள். "அண்ணி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க!"

அந்த வாரம் என் உதட்டோரம் கொப்புளம் இருந்தது. பனிக்காலம் வந்தால் எனக்கு வருடா வருடம் வரும். முதல் நாள் அரிக்கும், எரியும். மறுநாள் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாகச் சேர்ந்து நிற்கும். ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடிப்பேன், தேங்காய் எண்ணெய் தடவுவேன். அதையெல்லாம் யார் பெரிதாக நினைத்தார்கள்?

ஒன்பதாம் நாள் காலையில் பாப்பாவின் வாயோரம் நாலைந்து கொப்புளம். என் மாமியார் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா நம்ம ஊட்டுக்கு வந்துட்டாடி!" எங்கள் மலையில் வேப்பமரம் ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கொழுந்து வரவழைத்து வாசலில் கட்டினோம். தாளிப்பு இல்லை. வெளியாள் வரக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. நான் இதைக் கேலி செய்யவில்லை. நானும்தான் அந்த வேப்பிலையைக் கட்டினேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் பாப்பா பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உடம்பு சுட்டது. தொட்டால்கூட கண் திறக்கவில்லை. "அண்ணி, உறிஞ்சவே மாட்டேங்கறா அண்ணி" என்று சுகன்யா அழுதாள். ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்து தேடினேன். ஹெர்பிஸ் என்று வந்தது. படத்தில் இருந்தது அப்படியே என் உதட்டுப் புண்! பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் தானாக ஆறிவிடும், முத்தத்தில் ஒட்டும், ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தைக்கு ஒட்டினால் மூளைக்கும் ஈரலுக்கும் போய் உயிரையே எடுக்கும் என்று போட்டிருந்தது.

அதே பக்கத்தில் இது உடலுறவிலும் பரவும் என்று இருந்தது. இந்தப் பெயரை வெளியில் சொன்னால் லைனில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? என் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? பயந்துபோய் ஃபோனை அணைத்துவிட்டேன். அந்த அரை நாளை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பதினோராம் நாள் காலையில் பாப்பா அழக்கூட இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றேன்.

"ஆத்தா இருக்கற ஊட்ல ஊசி போட்டா அவ கோவிச்சுக்குவா கண்ணு. பூக் கேட்டுப் பாக்கலாம். அவ போகச் சொன்னா போலாம்."

பூக் கேட்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்து, வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கிடையாது, அவ்வளவுதான்.

லைன் கோயிலில் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. அத்தை ஆத்தாளைப் பார்த்து நின்றார். நான் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். "தாயே, தப்பு பண்ணினவ நான். என்னை என்ன வேணாலும் பண்ணிக்கோ. புள்ளய விட்டுரு. சிவப்பு மட்டும் குடுத்துராதே" என்று மனசுக்குள் கதறினேன். சிவப்பு ரோஜாவைக் கையில் எடுத்தேன். மடிக்க முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், விரல் மறுத்தது. அதை முந்தானையில் ஒளித்துக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டேன்!

அத்தை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பைக் கொண்டுவந்தார்.

கோத்தகிரியில் பார்த்த உடனே ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்ததுமே கேட்டார். "ஊட்ல யாருக்காவது உதட்டுல இந்த மாதிரி புண்ணு இருந்துச்சுங்களா? இல்ல, அம்மாவுக்குக் கீழ ஏதாச்சும் புண்ணு?" எல்லாரும் சுகன்யாவைப் பார்த்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடி வந்திருந்த அவள் புருஷனும் பார்த்தார். அவள் முகம் செத்துப்போனது. ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பேன்?

"நானுங்க டாக்டர்! எனக்குத்தான் புண்ணு இருந்துச்சுங்க. நான்தான் உதட்டுல முத்தம் குடுத்தேனுங்க!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "சொன்னீங்களே, அது போதுங்க. இது நெறையப் பேருக்குச் சின்ன வயசுலயே ஒட்டிக்கறதுங்க. உள்ளயே இருந்துட்டு எப்பவாச்சும் கெளம்பும். யாரு நடத்தையையும் இத வெச்சுப் பேசாதீங்க" என்றார். சுகன்யாவையும் பரிசோதித்தார். அவளுக்குப் புண் எதுவும் இல்லை. பாப்பாவின் கொப்புளத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், முதுகில் நீர் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த மணி நேரமே மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள்.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கையை நீட்டினேன். அவர் சிரித்தார். "ரத்தத்துல பாத்தா எப்பவோ வந்திருக்குன்னுதான் தெரியும். எப்ப வந்துச்சு, யாருகிட்டருந்து வந்துச்சுன்னு தெரியாதுங்க. அடுத்த வாட்டி புதுசாக் கொப்புளம் வந்தவுடனே வாங்க. அதத் தொட்டு எடுத்துப் பாத்தாத்தான் சரியாத் தெரியும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. கொப்புளத்தில் அந்தக் கிருமி இருந்தது. முதுகு நீரில் இல்லை. மூளைக்குப் போகவில்லை! நான்காம் நாள் காலையில் வார்டுக்குள்ளிருந்து வீல் என்று ஒரு அழுகை. பாலுக்கு! என் பாப்பா பாலுக்கு அழுதாள்! நான் வராந்தாவிலேயே குதித்தேன். நர்ஸம்மா அதட்டினார். அதட்டட்டுமே!

பதினாலு நாள் மருந்து ஏறியது. வீட்டுக்குக் கிளம்பிய நாள் மத்தியானம், வெளி பெஞ்சில் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு பொட்டல விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆத்தாளையே ஏமாற்றிவிட்டேன் என்று அழுதேன்.

அத்தை என் தலையைத் தடவினார். "எனக்குத் தெரியும் கண்ணு. சிவப்பு ரோசாவ முந்தானைல மறைச்சத நான் பாத்தேன்."

"பாத்துமா அத்தை எடுத்தீங்க?"

"பின்ன? சிவப்பு வந்துருமோன்னு எனக்கு மட்டும் பயமில்லியா? வெள்ளையக் குடு, வெள்ளையக் குடுன்னுதான் அவ மூஞ்சியப் பாத்துட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா நீ ரெண்டுலயும் வெள்ளைய வெக்கற. அப்பறம் எனக்கென்ன குழப்பம்?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். அந்த வார வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தோம்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. இப்போது தவழ்ந்துபோய் அடுப்புப் பக்கம் நிற்கிறாள், பிடிக்க முடியவில்லை! இந்தப் பனிக்கு எனக்குக் கொப்புளம் வந்ததும் அன்றைக்கே போய்ப் பரிசோதனை செய்தேன். அதேதான். ஒளிக்கவில்லை. லைனில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் நானே போய்ச் சொல்கிறேன்: பச்சைக் குழந்தையை உதட்டில் முத்தமிடாதீர்கள், புண் தெரியாத நாளிலும் சில சமயம் ஒட்டும், கொப்புளம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இந்தக் கிருமி இனி என்னை விட்டுப் போகாதாம். போகாவிட்டால் போகட்டும். வெட்கம் போய்விட்டது.

அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கும். ஆத்தாளிடம் சொல்லுங்கள், அவள் கேட்பாள். என் கையைக் கொண்டே எனக்குப் பதில் சொன்னவள் அவள். அழுது கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு வண்டி ஏறுங்கள்.